ஞாயிறும் திடலும்

ஒரு சமுதாயத்தின் உழைப்பை அதன் வாரநாள்கள் காட்டும். அதன் உள்ளத்தை ஓய்வுநாளே காட்டும். பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் ஓய்வுநாள் எங்கே கழிந்தது என்று வினவினால், திடலில் என்பதே விடையாகும்.

ஆறு நாளும் விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து, மரம் வெட்டிப் பால்வாளி சுமந்தவர்களுக்கு ஞாயிறு ஒன்றே சொந்தமான நாள். அன்று மாலை லயத்துக்கு எதிரே காற்பந்தாட்டம் நடைபெறும். பக்கத்துத் தோட்டத்து இளைஞர் லாரியில் வந்திறங்குவர். இரவில் சில வேளை அதே திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவர். பாயும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் வந்து அமரும். கோயில் திருவிழா என்றால் உறுமியும் நாதசுவரமும் முழங்கும். கோ. சாரங்கபாணி 1952-இல் தொடங்கிவைத்த தமிழர் திருநாள் மலாயாவுக்கும் பரவியபோது, மேடை நாடகமும் பேச்சுப் போட்டியும் தோட்டத்துக்கு வந்தன. பகலில் பால் வெட்டியவன் இரவில் மன்னன் வேடமிட்டுச் செந்தமிழ் வசனம் பேசினான். பள்ளிக்கூடம் தராத தமிழை மேடை தந்தது.

அக்காலம் முழுவதும் பொற்காலம் என்று கூறிவிட முடியாது. திடலுக்கு அப்பால் கள்ளுக்கடையும் இருந்தது. சம்பள நாளில் அங்கே நுழைந்தவனின் வீட்டில் மறுவாரம் அடுப்பு எரியத் தயங்கிற்று. அவ்விரவுகளை அஞ்சிக் கழித்த தாய்மாரும் உண்டு.

1963 டிசம்பர் 28-ஆம் நாள் இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கிற்று. தோட்டத்தை அது மெல்லவே எட்டியது. யாரோ ஒருவர் வீட்டில் பெட்டி வந்தால், சன்னல் முழுதும் சிறுவர் முகங்களே. மின்சாரம் இல்லாத லயங்களில் கார் பேட்டரியைக் கொண்டு படம் பார்த்தனர். 1975-இல் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டியில் மலேசியா அரையிறுதியில் இந்தியாவிடம் 3-2 என்று தோற்று, நான்காம் இடம் பெற்றது. எந்தப் பக்கம் கைதட்டுவது என்று பெரியவர் சிலர் தயங்கியிருக்கலாம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அத்தயக்கம் இருந்திருக்காது. அந்த அளவில் தொலைக்காட்சியும் நாட்டுணர்வை வளர்த்ததென்பதை மறுத்தல் தகாது.

1978-இல் வண்ணம் வந்தது; 1996-இல் துணைக்கோள் ஒளிபரப்பு வந்தது. இதற்கிடையே இரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. தோட்டங்கள் கைமாறின, லயங்கள் இடிந்தன. வீட்டை இழந்தவர்கள் நகரத்தில் வேறொரு வீட்டைத் தேடிக்கொண்டனர். திடலை இழந்தவர்களுக்கு வேறொரு திடல் கிடைக்கவில்லை.

ஈப்போ நகர்ப்புறத்து அடுக்குமாடி வீடொன்றில், தோட்டத்துக் குழுவின் கோல்காவலராய் இருந்த முதியவர் ஒருவர் சனிக்கிழமை இரவில் பேரனுடன் அமர்ந்து ஆங்கில நாட்டுக் காற்பந்தாட்டம் பார்க்கிறார். பேரனுக்கு அவ்வாட்டக்காரர் அனைவரின் பெயரும் மனப்பாடம். அவன் மட்டும் புல்லில் பந்து உதைத்தவன் அல்லன். ஒருநாள் அவன், "தாத்தா, நீங்க ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டான். முதியவர் மறுமொழி கூறவில்லை. வளைந்துபோன தம் இடக்கைச் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார். பந்தைத் தடுத்தபோது முறிந்த விரல் அது. சிறுவன் அதைத் தொட்டுப் பார்த்தான். ஆட்டம் முடியும்வரை அவன் பார்வை திரைக்கும் விரலுக்கும் இடையே அலைந்தது.

திடல் மனிதனை ஆடுபவனாக்கியது. பெட்டி அவனைப் பார்ப்பவனாக்கியது. பெட்டியை உடைப்பதால் திடல் திரும்பிவிடாது. ஆயினும், தோட்டத்திலிருந்து நகரத்துக்கு இடம்பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகளுள் திடல் உள்ளவை இன்றும் பல. சனிக்கிழமை காலையில் அவற்றின் கதவு பூட்டியே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பந்தும், ஒரு சிறு மேடையும், உடனிருக்க ஓர் ஆசிரியரும் போதும். வளைந்த விரலுடைய தாத்தாக்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். கற்றுக்கொடுக்க அழைத்தால் அவர்கள் வருவார்கள்.