பாட்டி பூட்டிய அறை

அபிகெய்ல் மிட்செல் என்றதும் 'கொலம்போ' துப்பறியும் தொடரின் ரசிகர்களுக்கு அந்தச் சிரிப்புதான் முதலில் நினைவுக்கு வரும். சின்ன உருவம், கரகரத்த குரல், குறும்பு வழியும் கண்கள். துப்பறியும் கதைகள் எழுதிப் பேரும் பணமும் சேர்த்த மூதாட்டி. அகதா கிறிஸ்டியின் சாயல் தெரியாமல் இந்தப் பாத்திரத்தைப் பார்க்க முடியாது. 1977 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ட்ரை அண்ட் கேட்ச் மீ' என்ற ஒரே எபிசோடில் வந்தார், போனார். அந்தத் தொடரில் கொலை செய்த பெண்கள் பலர் உண்டு. ஆன் பாக்ஸ்டர், வேரா மைல்ஸ், ஜேனட் லீ என்று ஹாலிவுட்டின் பெரிய நடிகைகளே அந்த வேடங்களில் வந்திருக்கிறார்கள். ஆனாலும் என் மனத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது இந்தப் பாட்டிதான்.

தொடரின் அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. கொலை செய்தது யார் என்பதைத் தொடரை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும் நம்மிடம் மறைப்பதில்லை. ஆரம்பத்திலேயே கொலை நம் கண்முன் நடந்துவிடுகிறது. கசங்கிய மழைக்கோட்டோடு லெப்டினன்ட் கொலம்போ வந்து சேர்வது அதற்கு அப்புறம்தான். ஆகவே கதை முழுக்கக் கொலையாளியோடுதான் நமக்குச் சகவாசம். அந்த ஆள் நம்மைக் கட்டிப் போடவில்லை என்றால் எபிசோடு படுத்துவிடும்.

அபிகெய்ல் கட்டிப் போடுகிறார். அவருடைய பாசத்துக்குரிய மருமகள் (உடன்பிறந்தாரின் மகள்) ஃபிலிஸ், கடலில் படகில் போனவள், திரும்பி வரவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. விபத்து என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய கணவன் எட்மண்ட்தான் கொன்றான் என்பது அபிகெய்லின் தீர்மானம். சொத்துக்கு அவனையே வாரிசாக்குவதாக ஆசை காட்டி, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கு வரவழைக்கிறார். அந்த வீட்டில் ஆள் நுழைந்து நிற்கக்கூடிய பெட்டக அறை ஒன்று இருக்கிறது. இரும்புக் கதவு, மூடினால் காற்றுப் புகாது. அவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துகிறார். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. எண்பது வயதுக் கைக்கு ஒரு கதவைத் தள்ளுகிற பலம் இருந்தால் போதும். அப்புறம் வக்கீலோடு கிளம்பி, நியூயார்க் விமானம் ஏறப் போய்விடுகிறார்.

இந்த இடத்தில் நாம் யார் பக்கம் நிற்கிறோம்? நான் பாட்டி பக்கம். முதல் தடவை பார்த்தபோதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். மகளைப் போல வளர்ந்த பெண்ணை இழந்தவர்; சட்டம் கைவிரித்துவிட்டது; தன் கையாலேயே கணக்கைத் தீர்த்துவிட்டார். பாவம், மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

ஆனால் எட்மண்ட் கொலைகாரன் என்பதற்கு இந்தக் கதையில் சாட்சி என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. கடலில் நடந்ததை நமக்குக் காட்டவே இல்லை. அவனும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கிழவியின் முகத்தில் இருந்த துக்கத்தை நம்பி, ஓர் இளைஞன் மூச்சுத் திணறிச் சாகட்டும் என்று நாம் விட்டுவிட்டோம். அபிகெய்லை மறக்க முடியாத வில்லி என்று நான் சொல்வது இதனால்தான். மற்ற கொலையாளிகள் பொய் சொல்லி கொலம்போவை ஏமாற்றப் பார்க்கிறார்கள். இவர் நம்மையே தன்னோடு சேர்த்துக்கொண்டுவிடுகிறார்.

இதைச் சாதிக்க, அபிகெய்லாக நடித்த ரூத் கார்டனால்தான் முடியும். 1896-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் குவின்சியில் பிறந்தவர். 1915-இலேயே பிராட்வே மேடை ஏறியவர். கணவர் கார்சன் கேனினோடு சேர்ந்து 'ஆடம்ஸ் ரிப்' போன்ற படங்களுக்குத் திரைக்கதை எழுதியவர். ஆகவே எழுத்தாளராக நடிப்பதற்கு அவருக்கு வேறு பயிற்சி வேண்டியிருக்கவில்லை. 'ரோஸ்மேரிஸ் பேபி' படத்தில், வாய் ஓயாமல் பேசிப் பணிவிடை செய்துகொண்டே ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சாத்தானுக்குத் தாரை வார்க்கும் பக்கத்து வீட்டுக்காரியாக நடித்து ஆஸ்கர் வாங்கினார். அந்த இனிப்பான பேச்சேதான் இங்கேயும். அங்கே அது குலை நடுங்க வைத்தது. இங்கே ஐயோ பாவம் என்று சொல்ல வைக்கிறது. இந்த எபிசோடு வந்தபோது அவருக்கு வயது 81. வசனத்தை அவர் பேசுகிற வேகமும், நடுவில் சட்டென்று நிறுத்தி எதிராளியை அளந்து பார்க்கிற பார்வையும் வயதின் தளர்ச்சி அறியாதவை.

நடுவே காரியதரிசி வெரோனிகா வருகிறாள். எட்மண்டின் கார் சாவி அவள் கையில் சிக்கிவிட, முதலாளியம்மாவை நைசாக மிரட்ட ஆரம்பிக்கிறாள். மேரியட் ஹார்ட்லி நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் கதையின் உயிர் அங்கே இல்லை. உயிர் இருப்பது செத்தவனின் விரல் நகங்களில்.

நகக்கண்களில் கறுப்புப் பெயின்ட் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. அந்த அறையில் இருந்த கறுப்புத் தகரப் பெட்டிகளின் பெயின்ட். எட்மண்ட் இருட்டில் அடைபட்டிருந்த நேரத்தில் கேமரா அந்தப் பக்கமே போவதில்லை. அவன் கதவைத் தட்டியதையோ கதறியதையோ நாம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாட்டியோடு இவ்வளவு சுலபமாகச் சேர்ந்திருக்க மாட்டோம். அந்த நேரம் முழுவதும் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதைக் கொலம்போ கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டுகிறார். எரிந்த தீக்குச்சிகள். கழற்றிய பெல்ட். பெட்டிகளில் அங்கங்கே கிடந்த கீறல்கள். பெட்டிகளை வரிசையாக அடுக்கியதும் கீறல்கள் ஒன்றுகூடி ஓர் அம்புக்குறியாகின்றன. அம்பு காட்டுவது விளக்கு மாட்டியிருக்கும் இடத்தை. அங்கே ஒரு துண்டுக் காகிதம்.

அது அபிகெய்லின் கையெழுத்துப் பிரதியின் முதல் பக்கம். 'நான் கொலையுண்ட இரவு' என்று கதைக்குத் தலைப்பு. ஆசிரியர் அபிகெய்ல் மிட்செல். ஆங்கிலத் தலைப்பில் இரவு முதலில் வருகிறது. அந்த இரவை எடுத்துவிட்டால், அபிகெய்ல் மிட்செல் என்னைக் கொன்றார் என்று பக்கமே பேசுகிறது. மூச்சு அடங்கப் போகிற ஒருவன், தன்னைப் பூட்டியவரின் எழுத்தைக் கொண்டே அவருக்கு எதிராகச் சாட்சி எழுதிவைத்திருக்கிறான். அத்தனை கதைகள் எழுதியவர் யோசித்திருந்தாலும் இப்படி ஒரு முடிவு அமையுமா என்று தெரியவில்லை. அதுவரை அவன் நமக்கு ஓர் ஆளாகவே படவில்லை. இப்போது படுகிறான்.

இதற்கு முன்னால் ஒரு காட்சி. பெண்கள் நிறைந்த ஒரு கூட்டத்தில், எதிர்பாராமல் கொலம்போவைப் பேசச் சொல்லி மாட்டிவிடுகிறார் அபிகெய்ல். கொலம்போ கூச்சத்தோடு பேச ஆரம்பிக்கிறார். தான் சந்தித்த கொலைகாரர்களில் சிலரைத் தனக்குப் பிடித்திருந்தது என்கிறார். அவர்கள் செய்த காரியத்தை அல்ல, அவர்களிடம் இருந்த புத்தியையும் நகைச்சுவையையும் நல்ல குணத்தையும் என்கிறார். கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபால்க் இதை மேடைப் பேச்சாக அடிக்காமல், மனத்தில் இருந்ததை இறக்கிவைப்பது போலச் சொல்கிறார். கீழே உட்கார்ந்து கேட்கிற பாட்டிக்கு இது யாருக்கான பேச்சு என்று தெரியும்.

அதனால்தான் கடைசிக் காட்சி அப்படி வலிக்கிறது. பெட்டக அறையில் காகிதம் கிடைத்தபின், வயதானவள், இனி யாருக்கு என்னால் ஆபத்து என்ற பாவனையில் அபிகெய்ல் மெல்லக் கேட்டுப் பார்க்கிறார். நீங்கள் உங்கள் தொழிலில் எவ்வளவு கறாரோ, அவ்வளவு கறார் நானும் என் தொழிலில் என்கிறார் கொலம்போ. அதில் கோபம் இல்லை, மரியாதை இருக்கிறது. இளக்கம் மட்டும் இல்லை. அப்போது பாட்டி சொல்கிறார்: என் மருமகளின் சாவை நீங்கள் விசாரித்திருந்தால் இதற்கெல்லாம் அவசியமே வந்திருக்காது.

கொலம்போ அதை மறுக்கவில்லை. ஃபிலிஸ் கடலில் போன அன்று விசாரித்த அதிகாரி ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால், எட்மண்ட் குற்றவாளியா இல்லையா என்பதாவது தெரிந்திருக்கும். அந்த ஆள் கதையில் வரவே இல்லை. எனக்குப் பாட்டி மேல் உள்ளதைவிட அவர் மேல்தான் இன்னும் கோபம்.