ராபின் சிங் எந்த ஊர்க்காரர்?

உத்தனப்பள்ளி பக்கம் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடந்தால் முதல் சண்டை டாஸுக்கு முன்னாடியே வந்துவிடும். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள்: ஒரு டீமில் ஒரே ஊர் ஆட்கள்தான் ஆடணும், ஆதார் கார்டு கொண்டு வரணும். ஆனாலும் ஏதாவது ஒரு டீமில் திடீரென்று ஒரு புது ஃபாஸ்ட் பௌலர் முளைத்திருப்பான். கேட்டால் "எங்க அத்தை பையன்ணா, லீவுக்கு வந்திருக்கான்" என்பார்கள். எதிர் டீம் கத்தும், கமிட்டிக்காரர் தலையைச் சொறிவார், பத்து மணி மேட்ச் பதினொன்றரைக்கு ஆரம்பிக்கும்.

அத்தை பையன் கேஸ் பழசு. இப்போது வருவது புது மாதிரி. ஓசூர் - ராயக்கோட்டை ரோட்டில் ஆலைகள் வந்த பிறகு ஜார்க்கண்ட் மாதிரி தூர மாநிலங்களிலிருந்து ஆட்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். வாடகை ரூமில் மூன்று வருஷமாக இருக்கிற ஒரு பையன், ஷிஃப்ட் முடிந்தால் ஊர்ப் பசங்களோடுதான் ஆடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஆதாரில் இருப்பது ராஞ்சி பக்கத்து விலாசம். அதனால் அவன் வெளியூர். இங்கேயே பிறந்து, பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, டோர்னமென்ட் அன்றைக்கு மட்டும் பைக்கில் வந்து இறங்குகிறவன் உள்ளூர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஸ்கூலில் தமிழ் என்று வளர்கிற ஒரு பகுதியில் 'ஊர்க்காரன்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

இதே சண்டைதான் உலக லெவலிலும் நடக்கிறது. ஒரு நாட்டின் கிரிக்கெட் டீமில் வேறு நாட்டில் பிறந்தவரைச் சேர்க்கலாமா?

ஐ.சி.சி.யின் விதி ரொம்ப தாராளமானது. அந்த நாட்டில் பிறந்திருக்கலாம், அல்லது அந்த நாட்டுக் குடிமகனாக இருக்கலாம், அல்லது மூன்று வருஷம் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்திருக்கலாம். மூன்றில் ஒன்று இருந்தால் போதும். ஏற்கெனவே வேறு ஒரு பெரிய நாட்டுக்கு ஆடியிருந்தால் கடைசி மேட்சிலிருந்து மூன்று வருஷம் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"இத்தனை கோடி பேர் இருக்கிற இந்தியாவுக்கு வெளிநாட்டுக்காரன் எதற்கு?" என்று கேட்பவர்கள் ராபின் சிங்கை மறந்துவிடுகிறார்கள். அவர் பிறந்தது 1963ல், ட்ரினிடாட் தீவில் பிரின்சஸ் டவுன் என்ற ஊரில். அந்தக் காலத்து வெஸ்ட் இண்டீஸ் டீம் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. உலகத்தையே மிரட்டிக்கொண்டிருந்த அந்த டீமின் மண்ணிலிருந்து கிளம்பி, 1980களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்க வந்தார். வந்த இடத்தில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடினார். 1987-88 சீசனில் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை ஜெயித்தது. அதற்கு முன்பு ஜெயித்தது 1954-55ல். முப்பத்து மூன்று வருஷம் கழித்துக் கோப்பை வந்தபோது டீமில் இந்த ட்ரினிடாட்காரரும் இருந்தார். அப்போது சேப்பாக்கத்தில் யாராவது "இவர் வெளியூர், வேண்டாம்" என்று சொல்லியிருப்பார்களா என்ன?

இந்தியாவுக்கு ஆட வேண்டுமென்றால் இந்தியக் குடியுரிமை வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமை கொடுப்பதில்லை. எனவே ட்ரினிடாட் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்தார். 1989 மார்ச்சில் முதல் ஒருநாள் மேட்ச் கிடைத்தது. எங்கே தெரியுமா? ட்ரினிடாடில், போர்ட் ஆஃப் ஸ்பெயினில், வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக! பிறந்த ஊரிலேயே எதிர் டீம் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அந்த டூரில் இரண்டு மேட்ச். அப்புறம் கழற்றிவிட்டார்கள்.

அடுத்த மேட்ச் 1996ல் டைட்டன் கோப்பையில்தான். நடுவில் ஏழு வருஷம். திரும்பிப் போகப் பழைய பாஸ்போர்ட் இல்லை, டீமிலும் இடம் இல்லை. வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள். அவர் ரஞ்சி ஆடிக்கொண்டே இருந்தார். முப்பத்து மூன்று வயதில் திரும்பி வந்து மொத்தம் 136 ஒருநாள் மேட்ச் ஆடினார். 1998 ஜனவரியில் டாக்கா ஃபைனலில் பாகிஸ்தான் 48 ஓவரில் 314 அடித்தபோது, கங்குலி 124, மூன்றாவதாக இறங்கிய ராபின் சிங் 82. கனித்கர் அடித்த கடைசி ஃபோரை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், அந்த 82ஐ மறந்துவிட்டார்கள். பாய்ந்து பாய்ந்து ஃபீல்டிங் செய்வதை இந்திய டீமில் ஒரு வேலையாகவே மாற்றியவர்களில் அவர் ஒருவர். டெஸ்ட் மட்டும் ஒன்றே ஒன்றுதான் கொடுத்தார்கள், 1998ல் ஹராரேயில். அது ஒரு தனி வயிற்றெரிச்சல்.

அவர்தான் முதல் ஆள் என்றும் இல்லை. 1932ல் லார்ட்ஸில் இந்தியா ஆடிய முதல் டெஸ்டிலேயே லால் சிங் என்று ஒருவர் இருந்தார். குவாலாலம்பூரில் பிறந்தவர். இங்கிலாந்தின் ஃபிராங்க் வூலியை ரன் அவுட் ஆக்கினார், இங்கிலாந்து 19க்கு 3. அதாவது இந்தியாவின் டெஸ்ட் வரலாற்றில் முதல் அரை மணி நேரத்திலேயே ஒரு 'வெளிநாட்டுக்காரர்' வந்துவிட்டார் :-)

எதிர்த்திசையிலும் ஒருவர் போனார். நாசர் ஹுசைன் பிறந்தது 1968ல் இதே மெட்ராஸில். அப்பா மெட்ராஸ் டீமுக்கு ரஞ்சி ஆடியவர். குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது, பையன் 45 டெஸ்டில் இங்கிலாந்துக்கு கேப்டனாக இருந்தான். அந்த இங்கிலாந்தில்தான் 1995ல் ஒரு கிரிக்கெட் பத்திரிகை, வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு இங்கிலாந்துமேல் முழு மனசு இருக்குமா என்ற தொனியில் ஒரு கட்டுரை போட்டது. டெவன் மால்கமும் ஃபிலிப் டிஃப்ரெய்டஸும் கோர்ட்டுக்குப் போனார்கள். பத்திரிகை நஷ்டஈடு கொடுத்து முடித்துக்கொண்டது. இதில் கொடுமை என்னவென்றால், அதற்கு முந்தைய வருஷம்தான் ஜமைக்காவில் பிறந்த மால்கம் ஓவல் மைதானத்தில் 57 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்து இங்கிலாந்துக்கு ஒரு டெஸ்டையே ஜெயித்துக் கொடுத்திருந்தார். அதற்குமேல் எப்படி மனசைக் காட்டுவது?

ஆக, பிறந்த ஊரை வைத்து விசுவாசத்தை அளப்பது வெட்டி வேலை. ஆனால் இதோடு கேஸை மூடிவிட முடியாது. ஏனென்றால் எதிர்ப்பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அது கணக்குப் பார்த்தால்தான் தெரியும்.

2019 உலகக்கோப்பை ஃபைனலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயித்த இங்கிலாந்து டீமில் கேப்டன் மோர்கன் டப்ளினில் பிறந்தவர், 2007 உலகக்கோப்பையில் அயர்லாந்துக்கு ஆடியவர். ஸ்டோக்ஸ் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச், ராய் தென்னாப்பிரிக்காவின் டர்பன், ஆர்ச்சர் பார்படாஸ். நாலு பேரையும் ஒரே தராசில் போடக் கூடாது. ஸ்டோக்ஸும் ராயும் பள்ளிக்கூட வயதில் வந்தவர்கள், கிரிக்கெட்டை ஒழுங்காகக் கற்றதே இங்கிலாந்தில்தான். ஆர்ச்சர் வெஸ்ட் இண்டீஸ் 19 வயதுக்குட்பட்டோர் டீமுக்கு ஆடிவிட்டு வந்தவர். அப்பா இங்கிலாந்துக்காரர், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. ஆனாலும் இங்கிலாந்து போர்டின் விதிப்படி ஏழு வருஷம் குடியிருக்க வேண்டும். 2018 கடைசியில் போர்டு அந்த ஏழை மூன்றாகக் குறைத்தது. 2019 மே மாதம் ஆர்ச்சர் டீமில். ஜூலையில் ஃபைனலின் சூப்பர் ஓவரைப் போட்டது அவர்தான். விதி எல்லோருக்கும் பொதுவாகத்தான் மாறியது, நேரம் மட்டும் ரொம்பப் பொருத்தமாக அமைந்தது!

அயர்லாந்துதான் பாவம். கிளப், கோச், பிட்ச், சின்ன வயது டூர்கள் என்று ஒருவரை வளர்த்த செலவெல்லாம் அயர்லாந்தின் லெட்ஜரில், வரவு இங்கிலாந்தின் லெட்ஜரில். தென்னாப்பிரிக்காவுக்கும் இதே வலி உண்டு. 2015 உலகக்கோப்பை அரையிறுதியில், ஆக்லாந்தில், இரண்டு பந்தில் ஐந்து ரன் தேவை என்ற நிலையில் டேல் ஸ்டெயினை சிக்ஸர் அடித்துத் தென்னாப்பிரிக்காவை வெளியே அனுப்பிய கிராண்ட் எலியட் பிறந்தது ஜோகன்னஸ்பர்கில். (அவர் நியூசிலாந்துக்குப் போய், வருஷக்கணக்கில் அங்கே உள்ளூர் கிரிக்கெட் ஆடிய பிறகுதான் 2008ல் டீமுக்கு வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.)

கால்பந்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து ஒரு ஆட்டக்காரரை இன்னொரு நாட்டு கிளப் வாங்கினால், அந்தத் தொகையில் ஐந்து சதவீதம் வரை அவரைச் சின்ன வயதில் வளர்த்த கிளப்புகளுக்குப் போகும். கிரிக்கெட்டில் நாடு விட்டு நாடு போனால் வளர்த்த போர்டுக்கு ஒரு பைசா கிடையாது. பணக்கார போர்டு ஏழை போர்டிடமிருந்து ஆளை எடுத்துக்கொள்வதைத் தடுக்க வேண்டுமானால் பிறந்த ஊர் பற்றிய பேச்சை விட்டுவிட்டு இந்தப் பைசாவைப் பற்றித்தான் பேச வேண்டும். ரஞ்சியில் மாநிலம் மாறுவது சகஜம். 2025ல் விஜய் சங்கர் தமிழ்நாட்டை விட்டுத் திரிபுராவுக்குப் போனார், யாரும் துரோகி என்று சொல்லவில்லை. நாடு என்று வரும்போது மட்டும் ரத்தம் கொதிக்கிறது.

சரி, பிறந்த இடமே போதும், அது சுத்தமான விதி என்கிறவர்களுக்கு இலங்கையைத்தான் காட்ட வேண்டும். முரளிதரனின் தாத்தா 1920ல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். பிற்பாடு அவர் மகள்களோடு திரும்பி வந்து திருச்சியில் குடியேறிவிட்டார், மகன்கள் கண்டியிலேயே தங்கிவிட்டார்கள். 1948ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அந்த மண்ணிலேயே பிறந்தவர்களுக்கும் அதே கதிதான். 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பற்றி அப்புறம் பார்க்கலாம். 1974ல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஸ்டாக் பிரிக்கிற மாதிரி மனுஷர்களைப் பிரித்தார்கள். கடைசிப் பாக்கி தீர 2003ல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது.

முரளி பிறந்தது 1972ல், இந்தப் பிரிவினைக் கணக்குக்கு நடுவில். தாத்தாவோடு அப்பாவும் திருச்சிக்கு வந்திருந்தால் அந்த 800 டெஸ்ட் விக்கெட் எந்த நாட்டுக் கணக்கில் ஏறியிருக்கும்? அல்லது ஏறியே இருக்காதோ? அங்கே அவர் சமூகத்தை 'இந்தியாக்காரர்கள்' என்று சொல்லி ஒதுக்கினார்கள். இங்கே 2020ல் அவர் கதையைப் படமாக எடுக்கப் போனபோது எதிர்ப்பு கிளம்பி விஜய் சேதுபதி விலக வேண்டி வந்தது. எதிர்த்தவர்களுக்கு அவர்களுடைய காரணம் இருந்தது. இருந்தாலும், இரண்டு கரையிலும் 'எங்க ஆள்' என்று கூசாமல் சொல்ல ஆள் குறைவான ஒருவரின் பெயர்தான் டெஸ்ட் விக்கெட் பட்டியலில் முதலில் இருக்கிறது.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? அந்த நாட்டு உள்ளூர் கிரிக்கெட்டில் கூட்டமே இல்லாத மைதானங்களில் எத்தனை சீசன் ஆடினார் என்பதைப் பார்க்கலாம். மூன்று வருஷம் என்பது கொஞ்சம் குறைச்சல், ஐந்து சீசன் நியாயமாக இருக்கும். தானாக வந்து, தங்கி, ஆடுகிறவரைத் தடுக்கவே கூடாது. போர்டே ஆள் அனுப்பி, காண்ட்ராக்டைக் காட்டி, வேறு நாட்டில் தயாரான ஆளைக் கூப்பிடுவதுதான் தப்பு. இந்தியா பாஸ்போர்ட் கேட்பது கடுமைதான். 2008ல் மத்திய அரசு எல்லா விளையாட்டுக்கும் அதைக் கட்டாயமாக்கியபோது, விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் மாதிரி அமெரிக்க பாஸ்போர்ட்டோடு டேவிஸ் கோப்பை ஆடியவர்களுக்குக் கதவு அடைபட்டது. ஆனால் ஒளிவுமறைவு இல்லாத விதி. ராபின் சிங் அந்த விலையைக் கொடுத்துத்தான் வந்தார்.

இதில் உதைக்கிற ஒரே இடம் சின்ன நாடுகள். ஐந்து சீசன், பாஸ்போர்ட் என்றெல்லாம் கேட்டால் அமெரிக்காவுக்கும் அமீரகத்துக்கும் டீமே இருக்காது. 2024 டி20 உலகக்கோப்பையில் டல்லாஸில் பாகிஸ்தானுக்கு எதிராக சூப்பர் ஓவர் போட்டு ஜெயிக்க வைத்த சௌரப் நேத்ரவால்கர் மும்பைக்காரர், 2010ல் இந்தியாவுக்காக 19 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பை ஆடியவர், பிழைப்புக்கு சாஃப்ட்வேர் இன்ஜினியர். அவரை யாரும் ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை, படிக்கப் போன இடத்தில் கிரிக்கெட் ஒட்டிக்கொண்டது. அமீரகத்திலும் அப்படித்தான், வேலைக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுக்கு அங்கே குடியுரிமை கிடைப்பது குதிரைக்கொம்பு, ஆனால் நாட்டுச் சட்டையைப் போடலாம். இந்த நாடுகளுக்கு மூன்று வருஷ விதியே இருந்துவிட்டுப் போகட்டும்.

2022 அக்டோபர் 18, ஆஸ்திரேலியாவில் ஜீலாங். டி20 உலகக்கோப்பையில் இலங்கைக்கு எதிராக அமீரகத்தின் லெக் ஸ்பின்னர் ராஜபக்ச, அசலங்க, ஷானக என்று அடுத்தடுத்து மூன்று பேரைத் தூக்கி ஹாட்ரிக் எடுத்தார். பெயர் கார்த்திக் மெய்யப்பன், பிறந்தது சென்னை. அந்த டீமின் பயிற்சியாளர் ராபின் சிங். மேட்ச் என்னவோ இலங்கைதான் ஜெயித்தது, 79 ரன் வித்தியாசத்தில்.