பாலைக்குப் புறப்பட்ட வண்டி

என் இளமைக் காலத்தில் வல்லிபுரக் கோயிலுக்கு மாட்டு வண்டி கட்டிப் போவோம். மணல் தொடங்கும் இடத்தில் மாடுகள் இளைத்தால் ஆட்கள் இறங்கி நடப்பார்கள். "மணலுக்குப் பாரம் ஆகாது" என்பார் என் பாட்டனார். அச்சொல்லின் முழுப் பொருளையும் நான் உணர்ந்தது, அறுபது ஆண்டுகளின் பின், அவுஸ்திரேலியாவில், மகனுடைய வீட்டுக் கராஜிலேதான்.

மகன் அடிலெயிட் நகரில் வசிக்கிறான். சென்ற ஆண்டு யூலை மாதத்தில், மனைவியுடனும் பத்து வயது மகனுடனும் சிம்சன் பாலைவனத்தைக் கடக்க எண்ணி, நான்கு சில்லுகளும் இழுக்கும் பழைய வண்டி ஒன்றை ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். மவுண்ட் டெயர் என்னும் இடத்தை விட்டால், பேர்ட்ஸ்வில் சேரும்வரை ஏறக்குறைய 500 கிலோ மீற்றருக்கு எரிபொருள் கிடையாது. இடையே ஆயிரத்துக்கு மேற்பட்ட மணற்குன்றுகள் உண்டு.

றேடியேற்றர் குழாய்களையும் விசிறிப் பட்டியையும் அவன் புதிதாக மாற்றினான். நல்ல வீதியில் 100 கிலோ மீற்றருக்கு 12 லீற்றர் டீசல் குடிக்கும் வண்டி, மணலில் 20 லீற்றர் குடிக்கும் என்று கணக்கிட்டு, தாங்கியில் 90 லீற்றரும் கலன்களில் 60 லீற்றருமாக ஒழுங்கு செய்தான். பயணம் ஆறு நாள். தாமதத்துக்கு மேலும் நான்கு நாள். மூவருக்கும் நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் வீதம் 150 லீற்றர் தண்ணீர். அதையும் ஒரே பாத்திரத்தில் வையாமல், ஒன்று உடைந்தாலும் மற்றவை மிஞ்சும்படி பல கலன்களில் நிரப்பினான்.

இவ்வளவும் நன்றே. ஆயின், லொறிகளை நிறுக்கும் தராசில் வண்டியை ஏற்றிப் பார்த்தபோது, அனுமதிக்கப்பட்ட எல்லையிலும் 180 கிலோ கூடுதலாக இருந்தது.

"தண்ணீரைப் பாதியாகக் குறைப்போம், அப்பா. செய்மதித் தொலைபேசி இருக்கிறதே" என்றான் மகன்.

என் நெஞ்சு திடுக்கிட்டது. 1962ஆம் ஆண்டில், றெக் ஸ்பிறிக் என்னும் புவியியல் அறிஞர் மனைவியையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அப்பாலைவனத்தை முதன்முதலாக மோட்டார் வண்டியிற் கடந்தார் என்று மகன் பெருமையோடு சொல்லியிருந்தான். அதற்கு மறு ஆண்டு, 1963 டிசம்பரில், பேர்ட்ஸ்வில் பாதையில் வழிதவறிய வேறொரு குடும்பத்தின் கதையை நான் படித்திருந்தேன். பெற்றோல் தீர்ந்தது, வண்டியை விட்டு நடந்தார்கள், ஐவரும் தாகத்தால் மாண்டார்கள்.

"தம்பி, உதவி கேட்கத் தொலைபேசி போதும். உதவி வரும்வரை உயிரோடிருக்கத் தண்ணீர்தான் வேண்டும்" என்றேன்.

அவன் பேசவில்லை. மருமகள்தான் முடிவு சொன்னாள்: "மாமா சொல்வது சரி. ஒரு கிழமை குளிர்ந்த பானம் இல்லாவிட்டால் ஒருவரும் சாகமாட்டோம்."

அன்று மாலையே குளிர்ப்பெட்டி இறங்கிற்று. மேசை, நாற்காலிகள், கூரைமேல் இருந்த கனத்த இரும்புத் தட்டு, அதில் ஏற்றிய சாமான்கள் எல்லாம் இறங்கின. உச்சிப் பாரம் குன்றின் சரிவில் வண்டியைக் கவிழ்த்துவிடும் என்பதை மகனும் ஒப்புக்கொண்டான். பின்னர் மனைவிக்குச் சில்லு மாற்றவும், மணலில் 38 இறாத்தல் காற்றமுக்கத்தை 16க்கு இறக்கவும் பழக்கினான். காற்றுக் குறைந்தால் ரயர் நீண்டு படிந்து, மணலிற் புதையாமல் நிற்கும். "வண்டி நின்றால் அதைவிட்டு நீங்கக் கூடாது" என்னும் பாடத்தைப் பேரன் மனனம் செய்தான்.

போனவர்களை நடுவழியில் மழை மறித்தது. களிமண் தரை உலரும்வரை மூன்று நாள் கூடாரத்தில் இருந்தார்களாம். செய்தி கிடைத்தபோது நான் கலங்கவில்லை. கலன்களை எண்ணி ஏற்றியவன் நானல்லவா?

ஒரு கலன் தண்ணீர் மீண்டும் வீடு வந்தது. மருமகள் அதைத் தொட்டியிலிருந்த கறிவேப்பிலைக்கு ஊற்றினாள். "வீணாகச் சுமந்தோமே" என்று மகன் சிரித்தான். நான் மறுத்தேன். செலவாகாமல் திரும்பிய தண்ணீர் வீணான தண்ணீர் அன்று. மூவரும் அச்சமின்றி உறங்கிய இரவுகளுக்கு அதுவே காவலாக இருந்தது.