'கொற்கை' புரியலையா?

ஜோ டி குரூஸ் எழுதின 'கொற்கை' நாவலைப் பாதியில மூடி வச்சவங்க இங்க நிறையப் பேர் இருப்பீங்க. 1000 பக்கத்துக்கு மேல. அதுவும் தூத்துக்குடி பரதவர் பேச்சு.

தண்டல்னா தோணியை ஓட்டுற தலைவர். கொண்டல் கீழ்க்காத்து, கச்சான் மேல்காத்து. தெரியாம நுழைஞ்சா மூச்சு முட்டும்தான்.

"எல்லாருக்கும் புரியிற மாதிரி எழுதக்கூடாதா?"

எழுதலாம். தண்டலைக் 'கேப்டன்' ஆக்கினா வாசிக்க லேசு. ஆனா பாய்மரத் தோணியில கொழும்புக்குப் போய் வந்த ஆளு கேப்டன் இல்லையே.

ஓபில ஒருத்தர் "நெஞ்சு கரிக்குது"ங்கிறார். அதை நான் சீட்டுல இங்கிலீஷ்ல எழுதும்போதே பாதி காணாமப் போயிடுது.

நாவல் வந்தது 2009. சாகித்ய அகாதமி விருது 2013. விருதுக்கு அப்புறம் தேடி வாங்கினவங்க உண்டு. அதுவரைக்கும் அதுக்கு மதிப்பில்லையா என்ன?

புரியலைன்னா பக்கத்துல ஒரு தோணிக்காரப் பெரியவரை உக்கார வச்சுப் படிங்க. ரெண்டு பக்கத்துல அவரே கதை சொல்ல ஆரம்பிச்சிடுவார்.