கைக்கு ஏது தேய்மானம்

எங்க நைனா டிங்கர். அடிபட்டு நசுங்கி வருகிற கார் பாடியைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. பட்டறை புளியந்தோப்பில் ஒரு சந்துக்குள். தாத்தா பின்னி மில்லில் கூலி. 1921 வேலைநிறுத்தத்தின்போது இந்தப் பேட்டையில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்த கதை, கொள்ளுத்தாத்தா சொல்லி, தாத்தா சொல்லி, நைனா சொல்லி எனக்கு வந்தது. அந்த மில்லும் 1990களில் மூடிவிட்டது. நைனா மில் பக்கமே போகவில்லை. பதிமூணு வயசில் புதுப்பேட்டையில் ஒரு பாய் பட்டறையில் சுத்தி பிடிக்கப் போனவர்தான்.

புது வண்டிக்கு டிங்கர் வேலை இப்போது குறைவு. நசுங்கினால் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுகிறார்கள். நைனாவிடம் வருவதெல்லாம் மாட்டுவதற்குப் பார்ட் கிடைக்காத வண்டிகள். பியட், பழைய அம்பாசடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. இங்கிலாந்து டிசைன், 1961-லிருந்து மெட்ராஸில் செய்தார்கள். அதன் பானெட் மற்ற வண்டி மாதிரி இல்லை. இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து ஒரே மூடியாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். அதனால் முன்னால் அடி விழுந்தால் மொத்தமும் போச்சு.

2018-ல் அப்படி ஒரு ஹெரால்டு வந்தது. கீழ்ப்பாக்கத்துக்காரர் ஒருவருடையது. திருவொற்றியூர் பக்கம் ஒரு டிரெய்லர் பின்வாங்கும்போது இடித்துவிட்டது. முழுக் காப்பீடு இருந்தது, வண்டியின் மதிப்பு ஒண்ணரை லட்சம் என்று போட்டிருந்தது. ஷோரூம் எதுவும் தொட மாட்டேன் என்றது. இன்சூரன்ஸ்காரர்கள் சர்வேயரை அனுப்பினார்கள். சர்வேயர் கம்பெனி ஆள் இல்லை, லைசென்ஸ் வாங்கியவர். ஆனால் அவருக்கு ஃபீஸ் கொடுப்பது கம்பெனி.

அவருக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். நைனாவுக்கு அறுபத்தொன்று. எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்னப்பா, லேபர் மட்டும் அம்பத்திரெண்டாயிரமா? ஷோரூம்னு நெனச்சிட்டியா? புளியந்தோப்புதானே இது?"

"ஷோரூம்லதான் இத்த தொடமாட்டேன்னுட்டாங்களே சார்" என்றார் நைனா.

வேலை நடந்ததை நான் தினமும் பார்த்தேன். நல்லா இருந்த பக்கத்தில் அட்டை வைத்து வளைவை வெட்டி எடுத்தார். அதைத் திருப்பிப் போட்டு உடைந்த பக்கத்துக்கு அளவு. தகட்டை மணல் மூட்டை மேல் வைத்து மரச்சுத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்க வேண்டும். ஒரு அடி கூடினால் தகடு நீண்டுவிடும், அப்புறம் எங்கே தட்டினாலும் டப்டப்பென்று உள்ளே போய் வெளியே வரும். அடியில் டாலி, மேலே சுத்தி. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். "கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது" என்பார். பட்டி அதிகம் போட்டு மேட்டை மறைக்கிற வேலை அவருக்குப் பிடிக்காது. முப்பத்துநாலு நாள் ஆனது. கூட இருந்த பையனுக்கு முப்பது நாள். யார் என்றைக்கு என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பி.காம். படித்ததற்கு அதாவது செய்யலாமே என்றுதான்.

பில் இப்படி: தகடு 6,400 ரூபாய். கைக்கூலி, நைனாவுக்கு நாளைக்கு ஆயிரம், பையனுக்கு அறுநூறு வீதம் 52,000. பெயின்ட் வேலை 28,000. மொத்தம் 86,400.

கம்பெனி தருகிறேன் என்றது 28,200.

கீழ்ப்பாக்கத்துக்காரர் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். "கம்பெனி இவ்ளோதான் தருதாம். நீங்க கொஞ்சம் பாத்து பில்லக் கொறச்சுக்குங்களேன்." இன்சூரன்ஸ் கணக்கு எங்கே வந்து முடிகிறது பாருங்கள். கம்பெனி வண்டிக்காரரிடம் வெட்டும். வண்டிக்காரர் டிங்கரிடம் வெட்டுவார். டிங்கர் யாரிடம் வெட்டுவான்? பையனிடம். நைனா அன்று ராத்திரி அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார், பையனுக்கு எவ்வளவு குறைப்பது என்று. "வுடு, எப்பவும் நடக்கறதுதானே" என்றார். எனக்கு விட மனசில்லை.

பாலிசித் தாளையும் சர்வே ரிப்போர்ட் நகலையும் வாங்கி வரச் சொன்னேன். ரிப்போர்ட் நகலை வண்டிக்காரர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். பலருக்கு இது தெரியாது, கேட்பதில்லை.

ரிப்போர்ட்டில் விளையாட்டு தெரிந்தது. முதலில் 'லோக்கல் ரேட்' என்று கூலியை 24,000 ஆக்கியிருந்தார். அதோடு தகட்டையும் சேர்த்து 30,400-ஐ 'புது பார்ட்' என்று எழுதி, பத்து வருசம் தாண்டிய வண்டி என்பதால் பாதி தேய்மானம் கழித்திருந்தார். பெயின்ட்டிலும் பாதி. அப்புறம் கட்டாயக் கழிவு ஆயிரம்.

பாலிசியில் தேய்மான அட்டவணை இருக்கிறது. 2002-ஆம் வருசத்து இந்திய மோட்டார் தாரிஃபில் வந்தது. 2007-ல் பிரீமியத்தை அந்தந்தக் கம்பெனியே வைத்துக்கொள்ளலாம் என்று விட்ட பிறகும் அட்டவணை பாலிசியில் அப்படியே நின்றது. ரப்பர், பிளாஸ்டிக்குக்கு ஐம்பது சதவீதம். கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. இரும்புக்கு வண்டியின் வயசைப் பொறுத்து ஏறிக்கொண்டே போய், பத்து வருசத்துக்கு மேல் ஐம்பது. பெயின்ட்டில் சரக்குக்கு மட்டும்தான் ஐம்பது. மொத்த பில்லாக இருந்தால் அதில் கால் பங்கைச் சரக்கு என்று எடுத்து அதில் பாதி கழிக்க வேண்டும். 28,000-க்குக் கால் பங்கு 7,000, பாதி 3,500. அவர் கழித்ததோ 14,000.

கைக்கூலிக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. தகடு பழசாகும், டயர் பழசாகும். வேலைக்குத் தேய்மானம் என்று அவர்கள் புத்தகத்திலேயே கிடையாது. தகட்டை வாங்கி நைனா கையால் வளைத்ததை 'பார்ட்' என்று பேர் மாற்றினால்தான் அதைக் கழிக்க முடியும். ஒரு வார்த்தையில் ஒரு மனுசனின் முப்பத்துநாலு நாளைப் பாதியாக்கிவிட்டார். கிராமத்தில் மரக்காலைக் கவிழ்த்துப் பிடித்து நெல் அளந்தார்கள் என்று சொல்வார்களே, இது அதன் பட்டணத்துப் பதிப்பு.

ஒரு சிக்கல். பட்டறைக்காரனுக்குக் கம்பெனியிடம் கேட்க உரிமை இல்லை. பாலிசி வண்டிக்காரர் பேரில். அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். தயங்கினார். நைனா சொன்னார்: "காரு உங்களுது சார், பாலிசியும் உங்களுது. நஷ்டம் மட்டும் என்னுதா?" கையெழுத்துப் போட்டார். 'முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்ற வவுச்சரில் மட்டும் இப்போதைக்குப் போட வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

கடிதத்தோடு நாள் நோட்டின் நகல், தகடு வாங்கிய ரசீது, வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ, வேறு இரண்டு டிங்கர்களிடம் வாங்கிய எஸ்டிமேட் எல்லாம் வைத்தேன். ஒரு லாரி விபத்து வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் சர்வேயர் ரிப்போர்ட் கடைசி வார்த்தை அல்ல என்று சொல்லியிருப்பதையும் எழுதினேன். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் ஆம்பட்ஸ்மேனிடம் போவோம் என்றும். 1998-லிருந்து இருக்கிற ஏற்பாடு. சென்னையிலும் அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். போகிறவர்கள்தான் குறைவு.

கூப்பிட்டார்கள். வண்டிக்காரரோடு நானும் போனேன்.

"புதுசா செஞ்சு மாட்டியிருக்கீங்கம்மா. அப்ப அது பார்ட்தானே?" என்றார் அதிகாரி.

"பார்ட்னா கடையில வெல இருக்கும் சார். இதுக்கு எந்தக் கடையில வெல கேப்பீங்க? வாங்குனது தகடு, ஆறாயிரத்து நானூறு. அதுல பாதி எடுத்துக்குங்க. மீதி எங்க நைனா கை. கைக்கு எத்தினி சதவீதம்னு உங்க அட்டவணையிலயே காட்டுங்க."

அட்டவணையைப் புரட்டினார். பெயின்ட் கணக்கை அங்கேயே ஒப்புக்கொண்டார். கூலியில்தான் இழுபறி. நாள் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, நைனாவுக்கு முப்பது நாள், பையனுக்கு இருபது நாள் என்று நின்றார்கள். 42,000. தகட்டில் 3,200, பெயின்ட்டில் 24,500. ஆயிரம் கழிவு, பழைய தகட்டுக்கு ஐந்நூறு கழிவு. 68,200 வந்தது. மீதியை வண்டிக்காரர் கையிலிருந்து கொடுத்தார். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானதைத் தேய்மானம், கழிவு என்று அவர்தான் கொடுத்தாக வேண்டும். மற்றது, குறைத்த பத்தாயிரம் கூலி. அதையும் கொடுத்தார், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். பையனுக்கு முப்பது நாள் கூலி முழுசாகப் போனது.

இப்போது எங்கள் பில் புத்தகத்தில் மூன்று பத்தி அச்சடித்திருக்கிறோம்: தகடு, கைக்கூலி, பெயின்ட் சரக்கு. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சிலரும் அதே மாதிரி அடித்துக்கொண்டார்கள். நாள் நோட்டு எழுதத்தான் சலித்துக்கொள்கிறார்கள். முழுப் பில்லையும் கட்டாமல் வண்டியை எடுத்துப் போகிற கேஷ்லெஸ் ஏற்பாடு கம்பெனி ஒப்பந்தம் போட்ட ஷோரூம், பட்டறைகளோடுதான். எங்கள் சந்துக்கு அது இன்னும் வரவில்லை. போன மாதம் ஒரு அம்பாசடருக்கு வந்த ரிப்போர்ட்டில் மறுபடியும் பெயின்ட்டில் சரிபாதி வெட்டியிருக்கிறது. அதற்குக் கடிதம் எழுதி, வண்டிக்காரர் கையெழுத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.