பிளாக்காக் கரையில்

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் பிளாக்கா எனும் கடலோரச் சிற்றூருக்குச் சென்றிருந்தோம். எதிரே ஸ்பினலோங்காக் கோட்டைத் தீவு. தொழுநோயாளர் 1957 வரை அங்கே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த வரலாற்றைக் கேட்கவே பயணிகள் படகேறுகின்றனர். 1715இல் கோட்டை உதுமானியர் வசமானபின் அவ்வீடுகளில் வாழ்ந்த முஸ்லிம்களைப் பற்றி எவரும் வினவக் கண்டிலோம்.

கிரீட் முஸ்லிம்களில் பெரும்பாலோரின் தாய்மொழி கிரேக்கம். தொழுகைக்கு அரபி, தாலாட்டுக்குக் கிரேக்கம். தமிழ்த் தாலாட்டில் உறங்கிய நமக்கு இதில் வியப்பென்ன? ஆயினும் 1923ஆம் ஆண்டு லோசான் உடன்படிக்கை மார்க்கம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு, எஞ்சியிருந்தோரைத் துருக்கிக்கு அனுப்பிற்று. துருக்கி மொழி அறியாதார் அவருள் பலர். ஐவாலிக் கரையில் குடியேறியோர் பல்லாண்டுகள் வீட்டுக்குள் கிரேக்கமே பேசினர்.