40 சீட்... 41-வது ஆள்!

டேட்டாபேஸ் பேப்பர்ல 'ஆசிட்' பற்றிக் கேட்டா பக்கம் பக்கமா எழுதித் தள்ளுவீங்க. 1983-ல ஹார்டர், ராய்ட்டர்னு ரெண்டு பேர் வெச்ச பெயர். அடாமிசிட்டி, கன்சிஸ்டென்சி, ஐசோலேஷன், டியூரபிலிட்டின்னு நாலையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவீங்க. சரி, உங்க ப்ராஜெக்ட்ல ஐசோலேஷன் லெவல் என்ன வெச்சிருக்கீங்க?

என்ன பாஸ், சைலன்ட் ஆயிட்டீங்க!

கிண்டலுக்குக் கேட்கலை. ஒரு சிம்போசியத்துக்குப் போயிருந்தேன். கல்லூரி பெயர் வேண்டாமே. மதியம் ஒர்க்‌ஷாப். லேப்பில் 40 கம்ப்யூட்டர், அதனால 40 சீட். பதிவு செய்யற சைட்டை அந்த டிபார்ட்மென்ட் பசங்களே அழகா செஞ்சிருந்தாங்க. ஆனா, லேப் வாசலில் நின்னது 41 பேர். கடைசியா நின்ன பொண்ணு விடியக்காலையில பஸ் ஏறி வந்தவ. 'உங்கள் இடம் உறுதி'ங்கற மெசேஜை செல்போன்ல எடுத்து எடுத்துக் காட்டினா. "லேட்டா பதிவு பண்ணியிருப்பேம்மா" என்று சொல்லி அனுப்பிட்டாங்க. அந்தப் பொண்ணு சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. பொய் சொன்னது சைட்!

சாயங்காலம் பசங்களோட உட்கார்ந்து கோடைப் பார்த்தேன். நியான்ங்கற சர்வர்லெஸ் போஸ்ட்கிரெஸ். அதோட ஜாவாஸ்கிரிப்ட் டிரைவர். உங்கள்ல பல பேர் ப்ராஜெக்ட்டுக்கு இதையோ, இது மாதிரி ஒண்ணையோதான் எடுப்பீங்க. சர்வர்லெஸ்னா, யாராவது பட்டனை அழுத்தும்போது ஒரு ஃபங்ஷன் எழுந்து வேலையை முடிச்சிட்டுத் தூங்கப் போயிடும். டேட்டாபேஸோட கனெக்‌ஷனைத் திறந்தே வெச்சிருக்க முடியாது. அதனால, இந்த டிரைவர் கேள்வியை ஹெச்.டி.டி.பி. வழியா ஒரே தபால்ல அனுப்பி, பதிலோட திரும்பும். பல கேள்விகளை டிரான்ஸாக்‌ஷனா அனுப்பணும்னாலும் மொத்தமா ஒரே கட்டா அனுப்பணும். நடுவுல நிறுத்தி, பதிலைப் பார்த்து, அடுத்த கேள்வியை யோசிக்க முடியாது. அது வேணும்னா வெப்சாக்கெட் வழியில போகணும்.

பசங்க இதையெல்லாம் சரியாத்தான் புரிஞ்சிருந்தாங்க. '40-க்குக் கம்மியா இருந்தா மட்டும் பெயரைச் சேர்'னு எஸ்.க்யூ.எல்.லுக்குள்ளேயே எழுதி, டிரான்ஸாக்‌ஷனிலும் போட்டிருந்தாங்க. பிறகு எங்கே இடிச்சது?

ஒரே பஸ், ரெண்டு கண்டக்டர்னு வெச்சுக்குங்க. முன்வாசல்ல ஒருத்தர், பின்வாசல்ல ஒருத்தர். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தலை எண்ணறாங்க. 39. ஆளுக்கொரு டிக்கெட் கிழிக்கறாங்க. மொத்தம் 41! ரெண்டு பேருமே ரூல்ஸ் மீறலை. போஸ்ட்கிரெஸ்ஸில் நீங்க எதுவும் சொல்லலைன்னா 'ரீட் கமிட்டட்'ங்கற லெவல்தான். இன்னொருத்தர் இன்னும் கமிட் பண்ணாத வரி உங்க கண்ணுக்குத் தெரியாது. டிரான்ஸாக்‌ஷன் போட்டாச்சுங்கறதுக்காக நிம்மதியா தூங்கிட முடியாது.

மருந்து, டிரான்ஸாக்‌ஷனோட ஆப்ஷன்ஸ்ல ஒரே வரி. ஐசோலேஷன் லெவலை 'சீரியலைஸபிள்' ஆக்கணும். ஒருத்தருக்குப் பின்னாடி ஒருத்தர் வரிசையில வந்தா என்ன முடிவு வருமோ, அதுதான் வரும்னு போஸ்ட்கிரெஸ் பொறுப்பு எடுத்துக்கும். 2011-ல வந்த 9.1 பதிப்பில்தான் இது முழுசா வந்தது. மோதினா ஒருத்தருக்கு 40001-ங்கற எர்ரர் வரும். பயப்படாதீங்க! அது 'மறுபடி வா'ங்கற அழைப்பு. மொத்த டிரான்ஸாக்‌ஷனையும் திரும்ப அனுப்பற லூப்பை எழுத வேண்டியது உங்க வேலை. ரெண்டாவது தடவை எண்ணினா 40. பெயர் சேராது. ஒரே கண்டிஷன்... சீட் பதிவு பண்ற எல்லா இடத்துலயும் இதே லெவல் இருக்கணும்.

இதோட முடியலை. பெயர் சேரலைங்கறது உங்க கோடுக்கு எப்படித் தெரியும்? இந்த டிரைவர் சும்மா விட்டா வரிகளை மட்டும்தான் திருப்பித் தரும். இன்சர்ட் வெறுமனே போட்டா, சேர்ந்தாலும் காலிப் பட்டியல், சேராட்டியும் காலிப் பட்டியல்! எர்ரர் வரலையேன்னு நம்பி எல்லாருக்கும் 'உறுதி' மெசேஜ் போகும். 'ஃபுல் ரிசல்ட்ஸ்' ஆப்ஷனை ட்ரூ ஆக்குங்க. எத்தனை வரி சேர்ந்ததுங்கற கணக்கும் வரும். 1-ன்னா உறுதி. 0-ன்னா 'மன்னிக்கவும், சீட் இல்லை'. டிரான்ஸாக்‌ஷன்ல இதை மொத்தக் கட்டுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கணும். உள்ளே இருக்கற ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியா கொடுக்க முடியாது.

இன்னும் சில ஆப்ஷன்கள், சுருக்கமா...

மாணவர் பெயர், ஒர்க்‌ஷாப் பெயர்னு ரெண்டு டேபிளை ஜாயின் பண்றீங்க. ரெண்டு காலமும் 'நேம்'தான்னா, ஆப்ஜெக்ட்ல ஒண்ணு இன்னொண்ணை விழுங்கிடும். 'அரே மோட்' போட்டா வரிசைப்படி ரெண்டும் வரும்.

லிஸ்ட் காட்டற பக்கத்துக்கு 'ரீட் ஒன்லி'. டேபிள்ல கை வைக்கவே விடாது. பெரிய ரிப்போர்ட்னா கூடவே சீரியலைஸபிளும் 'டெஃபரபிளும்'. ஆரம்பத்துல கொஞ்சம் காத்திருந்தாலும், நடுவழியில மோதல் எர்ரர் வராது.

'ஃபெட்ச் ஆப்ஷன்ஸ்' வழியா டைம் அவுட் வைக்கலாம். ஆனா உஷார்! நீங்க காத்திருக்கறதை நிறுத்தினாலும், அந்தப் பக்கம் கமிட் ஆகியிருக்கலாம். அதனால ரோல் நம்பருக்கு யுனிக் கண்டிஷன் போட்டுடுங்க. திரும்ப அனுப்பினாலும் ஒருத்தர் ரெண்டு சீட்டைப் பிடிக்க முடியாது.

சீரியலைஸபிள்தான் ஒரே வழியான்னு கேட்டா, இல்லை. மீதி சீட்டை ஒரு வரியில வெச்சு, 'பூஜ்யத்தைவிட அதிகம்னா ஒண்ணு குறை'ன்னு ஒரே அப்டேட்ல எழுதினா ரீட் கமிட்டட்டே போதும். அந்த வரி பூட்டப்படும். அடுத்தவர் காத்திருந்து மறுபடி சரிபார்ப்பார். எந்த வழியா இருந்தாலும் நீங்க தெரிஞ்சு எடுத்ததா இருக்கட்டும். எழுதாம விட்ட ஆப்ஷனும் ஒரு முடிவுதான்... உங்களுக்காக வேற யாரோ எடுத்த முடிவு!

இன்னிக்கு ராத்திரியே ஒரு வேலை பண்ணுங்க. உங்க ப்ராஜெக்ட்ல ஒரே ஒரு சீட்டை மட்டும் மீதி வைங்க. ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதி, ஒரே நொடியில 20 ரிக்வெஸ்ட் அனுப்புங்க. ஒருத்தருக்கு 'உறுதி', 19 பேருக்கு 'இல்லை'ன்னு வந்தா ஜெயிச்சாச்சு. ரெண்டு 'உறுதி' வந்தா... ரிவ்யூவுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சீங்களே, சந்தோஷப்படுங்க!